மச்சாள் பார்த்த பிறேக் லைற்

வாகனம் ஓட்டுகிறவனுக்குத் தன்னுடைய பிறேக் லைற் எரிகிறதா என்று தெரியாது. முன்னால் போகிறவனுடையது நன்றாகத் தெரியும். அது எரியாவிட்டால் அவனை ஏசவும் முடியும். தன்னுடையதைப் பற்றிப் பின்னால் வருகிற யாராவது சொன்னால்தான் உண்டு. எனக்குச் சொன்னவர் ஒரு மோட்டார் சைக்கிள்காரர். மண்டைதீவுச் சந்தி தாண்டிக் கடல் நடுவே போகும் றோட்டில் என் பக்கத்துக்கு வந்து, ஹெல்மெற்றுக்குள்ளிருந்து கத்தினார்.

"அண்ணை, இடப்பக்கம் திரும்பச் சிக்னல் போடுறியள். இடப்பக்கம் கடலெல்லோ!"

நான் சிக்னல் ஒன்றும் போடவில்லை. முன்னால் பஸ் மெதுவாகப் போனதால் பிறேக்கை அமத்தினேன், அவ்வளவுதான். அதைச் சொல்வதற்குள் அவர் போய்விட்டார். பின்சீற்றில் தலையணையில் சாய்ந்திருந்த மச்சாள், "கேட்டீரே தம்பி? என்னையும் கொண்டுபோய்க் கடலுக்கை விடப்போறீரோ எண்டு கேக்கிறான்," என்றார்.

மச்சாள் என் மனைவியின் அக்கா. சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டதால், ஒன்றுவிட்ட ஒரு நாள் எங்கள் தீவுக் கிராமமான கரம்பொன்னில் இருந்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய், அரைநாள் மிசினோடு படுத்து இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு திரும்ப வேண்டும். கணவர் இல்லை. பிள்ளைகள் பனி கொட்டுகிற நாட்டில் இருக்கிறார்கள். ஆகவே எங்கள் வான் வண்டிக்குச் சாரதி நான். ஒருமுறை வெள்ளத்தால் றோட்டு மூடப்பட்டு ஒரு தவணை தவறியது. அன்று இரவு மச்சாள் படுக்க முடியாமல், சுவரில் சாய்ந்து இருந்தபடி மூச்சை இழுத்து இழுத்து விட்டதை நானும் மனைவியும் பார்த்துக்கொண்டிருந்தோம். அதன் பிறகு எங்கள் வீட்டில் எது தவறினாலும் அந்தப் பயணம் தவறக்கூடாது என்று ஆகிவிட்டது.

அன்றைக்கே றோட்டின் மறு முனையில் பொலிஸ்காரரும் மறித்தார். வானின் பின்பக்கம் போய் நின்று, பிறேக்கை அமத்தச் சொன்னார், சிக்னலைப் போடச் சொன்னார். திரும்பி வந்தபோது அவருடைய முகத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் இருந்தது. எங்களை அடிக்கடி காண்கிறவர். பின்சீற்றில் மச்சாளையும் தலையணையையும் பார்த்தார்.

"இண்டைக்குப் போங்க ஐயா. அடுத்தமுறை வரக்க லைற் செய்துகொண்டு வாங்க. இல்லாட்டி வான் இங்க நிக்கும், நீங்க நடந்து," என்று சிங்களம் கலந்த தமிழில் மரியாதையாகச் சொன்னார்.

அடுத்தமுறை என்றால் நாளை மறுநாள். இடையில் ஒரு பகல் இருந்தது.

அந்தப் பகல் விடிந்ததில் இருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தேத்தண்ணிக் கோப்பையோடு வானைச் சுற்றி வந்தேன். கோப்பை காலியான பிறகும் சுற்றினேன். சுற்றிவருவது பழுதுபார்க்கும் முறையல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் கோயிலில் நாங்கள் செய்வதும் அதுதான், சிலருக்குப் பலன் கிடைத்ததாகக் கேள்வி. எங்கள் வீட்டு அலுமாரியில் புத்தகங்கள் கூரை முட்ட அடுக்கியிருக்கின்றன. மனிதன் ஏன் பிறந்தான் என்பது பற்றியே அதில் ஒரு தட்டு உண்டு. வயரிங் பற்றி ஒரு பக்கமும் இல்லை.

மனைவி சரவணையில் படிப்பிக்கிறவர். பள்ளிக்கூடத்துக்குப் போகச் சீலை உடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"இஞ்சருங்கோ, உதைச் சுத்துற நேரத்துக்கு எலெக்றீசியனுக்கு ஒருக்கா எடுங்கோவன்."

எடுத்தேன். வேலணையில் கடை வைத்திருக்கிற எலெக்றீசியன், காற்றின் இரைச்சலுக்குள்ளால் பேசினார். "அண்ணை, நான் நெடுந்தீவிலை நிக்கிறன். இஞ்சை ஒரு உழவு மிசின் ஸ்ராட் வருகுதில்லை. நாளைக்குப் பின்னேரம் படகு. காத்து விட்டால்தான் அதுவும்."

"ஓட்டோ ஒண்டு பிடிப்பம்," என்றார் மனைவி.

"ஓட்டோவிலை நான் வரமாட்டன்," என்று உள்ளேயிருந்து மச்சாளின் குரல் வந்தது. "போனமுறை குலுக்கின குலுக்கிலை ஊசி குத்தின இடத்தாலை ரத்தம் வந்தது. மறந்திட்டியே? ஏலாட்டி நாளைக்கு ஒரு நாள் விடுவம். ஒரு நாள் தானே."

விளையாட்டாகத்தான் சொன்னார். நாங்களும் கேட்காத மாதிரி இருந்துவிட்டோம். மனைவி பஸ்ஸுக்குப் போனார். போகும்போது என்னைப் பார்த்த பார்வையில், பின்னேரம் நான் வரும்போது உது எரியவேணும் என்பது எழுதியிருந்தது.

இனி ஒரு சிக்கல். பெடலை அமத்த ஒருவர் வேண்டும், பின்னால் நின்று பார்க்க இன்னொருவர் வேண்டும். வீட்டில் நானும் மச்சாளும்தான்.

"கதிரையைக் கொண்டு வாரும். நான் இருந்து பாத்துச் சொல்லுறன்," என்றார் மச்சாள்.

வானுக்குப் பின்னால், வேம்பின் நிழலில் வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டேன். மச்சாள் வந்து, ஊசித் தழும்புகள் புடைத்திருக்கும் இடக்கையை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு அமர்ந்தார். இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைத்திருக்காது. மச்சாள் உப தபாற்கந்தோர் ஒன்றில் தபாலதிபராக இருந்தவர். தந்தி இருந்த காலத்தில் சாவையும் பிள்ளைப்பேற்றையும் ஒரே குரலில் வாசித்துக் கொடுத்தவர் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லில் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

"அமத்திறன் மச்சாள். எரியுதோ?"

"வலப்பக்கம் எரியுது. இடப்பக்கம் மங்கல். அதுக்குப் பக்கத்திலை மஞ்சளும் லேசாய் எரியுது."

"மஞ்சள் மினுங்குதோ?"

"மினுங்கேல்லை, எரியுது. மினுங்கிறது வேறை, எரியிறது வேறை."

பெரிய லைற்றையும் போட்டுவிட்டு அமத்தினேன்.

"இப்ப இடப்பக்கம் இருந்ததும் போச்சு. என்ன செய்தனீர்?"

என்ன செய்தேன் என்று எனக்குத் தெரிந்தால் நான் ஏன் அங்கே இருக்கிறேன்? பல்ப்பில்தான் பிழை என்று முடிவு செய்து, இடப்பக்கத்து பல்ப்பை வலப்பக்கமும் வலப்பக்கத்ததை இடப்பக்கமும் மாற்றினேன். பல்ப்புகள் இடம் மாறின. பழுது மாறாமல் இடப்பக்கமே நின்றது. அடுத்து பியூஸ். ஒவ்வொன்றாகக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகினேன். எல்லாம் முழுசாக இருந்தன. பெடலுக்கு மேலே ஒரு சுவிட்ச் இருக்கிறது, பெடல் இறங்கும்போது அதுதான் லைற்றுக்கு மின்சாரத்தை விடுகிறது என்று எங்கேயோ படித்தது நினைவுக்கு வந்தது. அதைப் பார்க்க ஸ்ரியரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே விட்டேன். கால்கள் இரண்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"தம்பி, காலை மடக்கும்," என்றார் மச்சாள். "றோட்டாலை போறவை பிரேதம் எண்டு நினைச்சு அழ வரப்போகினம்."

சுவிட்ச் 'டிக்' என்றது. அதிலும் குற்றம் இல்லை. எழும்பி வெளியே வந்து மறுபடி வானைச் சுற்றினேன். சோழகக் காற்று புழுதியை அள்ளிக் கண்ணுக்குள் போட்டது. முற்றத்துக்கும் விறாந்தைக்குமாக நடந்தேன். ஸ்குறூ டிரைவரை ஒரு இடத்தில் வைத்துவிட்டு இன்னொரு இடத்தில் தேடினேன். நாளைக் காலையில் வானைப் பொலிஸ்காரர் பிடித்து வைக்க, மச்சாளையும் தலையணையையும் கொண்டு கடல் காற்றில் நடு றோட்டில் நிற்பது போல ஒரு காட்சி வந்து வந்து போனது. அந்தக் காட்சியில் என் கையில் குடை வேறு இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

கடைசியில் எல்லோரும் செய்வதைச் செய்தேன். தொலைபேசியில் வீடியோ தேடினேன். தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர், சுற்றிவரப் பனி கிடக்க, என் வானின் நோயை அப்படியே விவரித்தார். பல்ப்புக்குப் போகிற மின்சாரம் திரும்பி வர வழி வேண்டும். அந்த வழிதான் எர்த். வானின் உடம்போடு ஒரு வயரைப் பூட்டி அதைச் செய்திருப்பார்கள். பூட்டிய இடம் கறள் பிடித்துத் துருவேறினால் பிறேக் லைற்றின் மின்சாரம் வழியில்லாமல், பக்கத்தில் இருக்கும் சிக்னல் பல்ப்புக்குள்ளால் வீட்டுக்குப் போகப் பார்க்கிறது. அதுதான் அந்த மங்கல் மஞ்சள். தங்கள் நாட்டில் பனி உருக றோட்டுக்கு உப்புப் போடுகிறார்கள், அந்த உப்பு செய்கிற வேலை இது என்றார் தாடிக்காரர்.

"மச்சாள், அங்கை றோட்டுக்கு உப்புப் போடுகினமாம்."

"ஓம், என்ரை மகனும் சொன்னவன். எங்கட றோட்டுக்கு ஆரும் போடத் தேவையில்லை. அது தானாய் வந்து ஏறும்."

முன்சீற்றுக்குக் கீழே இருக்கும் பற்றரியில் இருந்து ஒரு நீள வயரை இழுத்து, இடப்பக்கத்து லைற்றின் எர்த்தில் தற்காலிகமாக முடிந்துவிட்டு ஓடிவந்து பெடலை அமத்தினேன்.

"ஆ!" என்றார் மச்சாள். "இப்ப ரெண்டும் ஒரே மாதிரி. மஞ்சளும் இல்லை."

அந்த நிமிடத்தில் எனக்கு ஏற்பட்ட பெருமையை எழுதினால் நம்பமாட்டீர்கள். நோய் தெரிந்துவிட்டது. இனி அந்தப் பூட்டிய இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பின் மூலைத் தகட்டைக் கழற்றிவிட்டு ரோச் லைற் அடித்துப் பார்த்தேன். ஒரு சின்ன போல்ட், அதைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. தொட்டதும் உதிர்ந்தது. நாக்கில் வைத்துப் பார்க்க நினைத்து, மச்சாள் பார்க்கிறார் என்பதால் விட்டுவிட்டேன்.

ஆனால் கடல் நீர் தெறித்து இவ்வளவு உள்ளே எப்படி வந்தது? யோசித்தபடி நிற்கையில் மனைவி பள்ளிக்கூடத்தால் வந்தார். கைப்பையைக் கழற்றாமலே குனிந்து பார்த்தார்.

"கடல் தண்ணி இல்லை. உது நீங்கள் ஊத்தின தண்ணி."

இங்கே கொஞ்சம் விளக்கம் தேவை. தீவுப்பகுதியில் வாகனம் வைத்திருக்கிற எவரும் கடல் றோட்டால் வந்து இறங்கியதும் முதலில் செய்வது, கிணற்றில் அள்ளி வாகனத்தைக் கழுவுவது. உப்பைக் காய விடக்கூடாது. இதில் சோம்பேறித்தனம் பண்ணுகிறவனை ஊர் மதிக்காது. நான் இதில் மிகவும் ஒழுங்கானவன். ஆஸ்பத்திரியால் வந்து மச்சாளைப் படுக்க வைத்த கையோடு வாளியை எடுத்துவிடுவேன். பின் மூலைகளுக்குள் படும்படி கீழேயிருந்து மேலே, விசையாக அடிப்பேன். றப்பர் வெடித்த லைற் ஓரத்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. எங்கள் கிணறோ உவர்க் கிணறு. குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வருகிறது. உப்பைக் கழுவ நான் பயணம் தவறாமல் உப்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். நான் மட்டுமல்ல, எங்கள் ஒழுங்கையில் இருக்கிற வீட்டார் எல்லோரும்தான்.

"எங்கட கிணத்துத் தண்ணியிலை பருப்பு அவிச்சால் உப்புப் போடத் தேவையில்லை," என்றார் மனைவி. "அதாலை வானைக் குளிப்பாட்டி வச்சிருக்கிறார்." சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனவரின் சிரிப்பு நீண்ட நேரம் கேட்டது.

பவுசர் தண்ணீர் நிறைத்து வைத்த நீலப் பீப்பாவில் இருந்து ஒரு வாளி மொண்டு வந்தேன். போல்ட்டைச் சுற்றி மெதுவாக ஊற்றினேன். மச்சாள் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் போத்திலாலை அளந்து தாறியள்," என்றார். "வானுக்கு வாளியோடை."

மச்சாள் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று வைத்தியர் அளவு சொல்லியிருக்கிறார். அந்த வெயிலில், அந்தக் காற்றில், காலையில் இருந்து அவர் எனக்காகக் கத்திக்கொண்டிருந்தார். மீதித் தண்ணீரை ஊற்றாமல் வாளியை ஓரமாக வைத்தேன்.

துடைத்துக் காயவிட்டு, சான்ட் பேப்பரால் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்ததும் புது போல்ட் ஒன்றால் வயரை இறுக்கிப் பூட்டி, மேலே கிறீஸ் பூசினேன். தகட்டை மாட்டினேன். வெயில் சாய்ந்துவிட்டது. ஏறி இருந்து அமத்தினேன்.

"எரியுதோ?"

"எரியேல்லைத் தம்பி."

"மங்கலாயும் இல்லையோ?"

"ஒண்டும் இல்லை."

கழற்றினேன். போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. இன்னும் தேய்த்தேன். பூட்டினேன்.

"எரியேல்லை."

வலப்பக்கம்? வலப்பக்கமும் இல்லையாம். நல்ல பக்கத்தையும் கெடுத்துவிட்டேன் என்று தலையில் கை வைத்தேன். பியூஸ்களை மறுபடி வெளியே எடுத்துப் பார்த்துச் செருகினேன். பகல் அவ்வளவு அழகாக வேலை செய்த நீள வயரை மறுபடி இழுத்து முடிந்தேன். "அதுக்கும் எரியேல்லை," என்றார் மச்சாள், தந்தி வாசிக்கிற அதே குரலில். என் விரல்களில் இரண்டு வெட்டியிருந்தன. ஒரு நட் புழுதிக்குள் விழுந்து, தேடித் தேடி, கடைசியில் என் சட்டைப் பையில் கிடந்தது. மனைவியைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் பருப்புக் கதை முதலில் இருந்து தொடங்கும்.

"விடும் தம்பி," என்றார் மச்சாள். "நாளைக்கு ஒரு நாள் விடுவம். எலெக்றீசியன் வந்து பாக்கட்டும்."

"விட ஏலாது மச்சாள். இன்னொருக்கா."

ஏறி இருந்தேன். இருட்டுப்படுகிற மைமல் பொழுது. சலிப்பில் தலையை நிமிர்த்தியபோது உள்ளே இருக்கும் கண்ணாடியில் பின்பக்கம் தெரிந்தது. வேம்பின் கீழ் வெள்ளைக் கதிரையும் மச்சாளும். பெடலை அமத்தினேன். மச்சாளின் மூக்குக்கண்ணாடி சிவந்தது. காலை எடுத்தேன். சிவப்புப் போயிற்று. மறுபடி வைத்தேன். கண்ணாடி மட்டுமல்ல, வெள்ளைச் சீலையும் கதிரையின் கைப்பிடியும் சேர்ந்து சிவந்தன.

"எரியுதோ மச்சாள்?"

"இல்லைத் தம்பி. எரியேல்லை."

கொஞ்ச நேரம் காலை அப்படியே வைத்திருந்தேன். பிறகு இறங்கிப் போய், வாளியில் இருந்த தண்ணீரை வேம்புக்கு ஊற்றிவிட்டு, அதைக் கவிழ்த்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"உங்கட கண்ணாடியிலை தெரியுது," என்றேன்.

மச்சாள் கண்ணாடியைக் கழற்றி, சீலைத் தலைப்பால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். "முதலே கழட்டியிருக்க வேணும்," என்றார்.

காற்று அடித்தது. குசினிக்குள் தாளிக்கிற மணம் வந்தது.

"ஒரு நாள், தம்பி. கையிலை ஊசி ஏறாத ஒரு நாள். நான் போகமாட்டன் எண்டால் தங்கச்சி அழுவாள். பிள்ளையள் போனிலை அழுவினம். வான் பழுது எண்டால் ஆரும் அழமாட்டினம்." மடியில் இருந்த கண்ணாடியை மடக்கினார். "நீர் இப்பிடித் திருப்பித் திருப்பிக் கழட்டுவீர் எண்டு நான் நினைக்கேல்லை. ரெண்டாம் முறை விட்டிடுவீர் எண்டு நினைச்சன்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்."

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. அலுமாரியில் ஒரு தட்டு முழுக்க இருந்தது. அந்த ஊசிக் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அதில் ஒரு பக்கமும் உதவவில்லை. சும்மா இருக்க முடியவில்லை. எழும்பினேன், இருந்தேன், மறுபடி எழும்பினேன்.

"ஒருக்கா நீங்கள் ஏறி அமத்துங்கோ மச்சாள். நான் பின்னாலை இருந்து எரியிறதைப் பாக்கேல்லை."

மெதுவாக நடந்து போய், கதவைப் பிடித்து ஏறி, சாரதி சீற்றில் இருந்தார். அவ்வளவு காலமும் அந்த வானில் போய்வந்தவர் அந்த இடத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை. நான் அவருடைய கதிரையில் இருந்தேன்.

"அமத்திறன். எரியுதோ?"

"எரியுது."

"வடிவாய்ப் பாத்துச் சொல்லும்."

"வடிவாய் எரியுது. ரெண்டும்."

"பொய் சொல்லுறீரோ?"

"அது உங்கட வேலையெல்லோ?"

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அதன் பிறகு அவர் என்னைக் கேட்காமலே அமத்தினார். விட்டார், அமத்தினார். சிக்னலையும் போட்டுப் பார்த்தார். இருட்டத் தொடங்கிய முற்றம் சிவந்து சிவந்து அணைந்தது. மனைவி அகப்பையோடு வாசலுக்கு வந்தார்.

"எரியுதெல்லோ? பிறகேன் பற்றரியை இறக்குறியள் ரெண்டு பேரும்?"

"ஓம், எரியுது," என்றார் மச்சாள் சாரதி சீற்றில் இருந்தபடி.

நாளையைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மனைவிக்கும் நான் சொல்லவில்லை. இரவு சரியான நித்திரை இல்லை. காலையில் வானை ஸ்ராட் பண்ணி, வாசலுக்குக் கொண்டு வந்து நிறுத்திவிட்டு, ஹோர்ன் அடிக்காமல் காத்திருந்தேன். அடித்தால் கூப்பிடுவது மாதிரி இருக்கும். இறங்கினேன், ரயரை உதைத்துப் பார்த்தேன், பின்னால் போய் அணைந்திருந்த லைற்றுகளைப் பார்த்தேன். திரும்பி முன்னால் வந்தபோது மறு பக்கக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மச்சாள் தலையணையை முதுகுக்கு வைத்து அமர்ந்திருந்தார்.

"என்ன சுத்துறீர்? மிசின் எனக்காகக் காத்திருக்காது."

கடல் றோட்டில் சோழகம் வானை வலப்பக்கம் இருந்து தள்ளியது. உப்புத் தண்ணீர் கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெறித்தது. நான் பொலிஸ்காரருக்குச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். எர்த் பற்றிச் சொல்வதா, கிணற்றைப் பற்றிச் சொல்வதா, கிணறு வேண்டாமா என்று. அவர் வழக்கமாக நிற்கிற இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. வேறு ஒருவரும் இல்லை.

என்றாலும் பிறேக்கை அமத்தி மெதுவாகப் போனேன். பின்னால் ஒரு வாகனமும் வரவில்லை. எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லையே.

"எரிஞ்சதோ மச்சாள்?"

வானுக்குள் இருக்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? கேட்ட பிறகுதான் யோசித்தேன். மச்சாள் கண்ணாடிக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம், எரிஞ்சது," என்றார், திரும்பிப் பார்க்காமலே.